முழங்கால் போட்டுது, இனி ஆட்டத்தை விடுறதோ? ஹவாய்த் தீவு ஆட்டம் ஹுலா பற்றித் தெரிஞ்சவை ஆரும் இருக்கிறியளோ

சலங்கைமணி (கோண்டாவில்):

வணக்கம். இஞ்ச கனகாலமா மற்றவை எழுதுறதை வாசிக்கிறனான், நானா எழுதுறது இதுதான் முதல்தரம், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கோ.

எனக்கு 54 வயசு. ஏழு வயசில பரதநாட்டியத்தில தட்டடவு தொடங்கினனான், இண்டுவரைக்கும் விடேல்ல. சங்கீத சபைப் பரீட்சையள் முடிச்சு அரங்கேற்றமும் செய்து பிறகு வீட்டு விறாந்தையிலயே வகுப்புத் தொடங்கி இப்ப 23 பிள்ளையள் வருகினம். 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வு நேரம் நாவற்குழிப் பாலத்தால சனத்தோட சனமா நகரேக்க அம்மா அரிசிப் பையைத் தூக்கினவா, நான் சலங்கையைத் துவாய்க்க சுத்தி நெஞ்சோட அணைச்சுக்கொண்டு போனன், அத்தனை சனம் அழுதுகொண்டு போகேக்க மணிச் சத்தம் வெளிய கேக்கக் கூடாது எண்டு இறுக்கி இறுக்கிக் கட்டினது இப்பவும் கையில நிக்குது. எனக்கு ஆட்டம் எண்டது அப்பிடி.

போன மாசம் எக்ஸ்ரே எடுத்துப் பாத்திட்டு டொக்டர் சொன்னார் ரெண்டு முழங்கால் சில்லும் தேஞ்சு போச்சு, இனி முழங்காலை மடிச்சு அரைமண்டி இருக்கக் கூடாது, காலைத் தட்டவும் கூடாது எண்டு. வீட்டில எல்லாரும் காணும் விடு எண்டினம். மூண்டு கிழமையா எனக்கு வடிவா நித்திரை இல்லை.

அப்பிடி நித்திரை வராமல் கிடந்த ஒரு இரவு போனில ஒரு ஹுலா வீடியோ வந்திச்சு. 75 வயசுக்கு மேல இருக்கும் அந்த அம்மாவுக்கு, தலை முழுக்க வெள்ளை, பாயில முழங்காலை மடக்கி இருந்தபடி கையில ரெண்டு ரெண்டு கூழாங்கல்லு வைச்சுத் தட்டித் தட்டி ஆடுறா. எழும்பவே இல்லை. அவவுக்குப் பின்னால இளம் பிள்ளையள் வரிசையா நிண்டு ஆடுகினம், ஆனா என்ர கண் அவவை விட்டு அங்கால போகேல்ல, பாத்துக்கொண்டே அழுதிட்டன்.

நான் இவ்வளவு நாளும் ஹுலா எண்டால் ஹோட்டல்ல வெள்ளைக்காரருக்கு ஆடிக் காட்டுறது எண்டுதான் நினைச்சிருந்தனான். இது அப்பிடித் தெரியேல்ல. அவையள் எப்பிடி அந்த வயசிலயும் ஆடினம், அவைக்கு முழங்கால் நோகாதோ, இருந்து ஆடுறதை அங்க ஆட்டம் எண்டு மதிப்பினமோ? தெரிஞ்சவை சொல்லுங்கோ. நான் விடுறதோ வைச்சிருக்கிறதோ எண்டு முடிவெடுக்க முதல் கேக்கவேணும் போல கிடக்கு.


மானோவாமழை (நல்லூர்):

டீச்சர், பகல் வாசிச்சனான், உடனை எழுத மனம் வரேல்ல, இப்ப ஆறுதலா இருந்து எழுதுறன். படிப்புக்காக ரெண்டு வருசம் ஹவாயில ஹொனலுலுவில இருந்தனான். பல்கலைக்கழகம் இருக்கிற மானோவாப் பள்ளத்தாக்கில சும்மா சும்மா மழை தூறும், ஒரு நாள் அந்தத் தூறலுக்க பக்கத்து மண்டபத்தில சுரைக்குடுவை அடிக்கிற சத்தம் கேட்டு எட்டிப் பாக்கப் போய்த்தான் சேந்தனான். ஒண்டரை வருசம் ஆரம்ப வகுப்பு, அவ்வளவுதான் எனக்குத் தெரிஞ்சது. ஆனா அந்த ஒண்டரை வருசத்தில எங்கட குமு, அங்க ஆசிரியரை அப்பிடித்தான் சொல்லுறது, குமு எண்டால் மரத்தின்ர அடி, மூலம் எண்டும் கருத்து, அவ எனக்குக் காட்டினதை நான் இன்னும் மறக்கேல்ல.

ஹோட்டல்ல ஆடுறதும் இருக்கு, இல்லையெண்டு சொல்லேல்ல. அந்தப் புல்லுப் பாவாடை கூட பிறகு கில்பேர்ட் தீவுப் பக்கத்தால வந்த உடுப்பு, பழைய காலத்தில மரப்பட்டையை ஊற வைச்சுத் தட்டித் தட்டிச் செய்யிற கப்பா துணிதான் கட்டினவை. பழைய முறை ஆட்டத்துக்கு கஹிகோ எண்டு பேர், கிட்டார் உக்குலேலே எல்லாம் சேத்து ஆடுற பிந்தின முறைக்கு அவுஆனா எண்டு பேர். கஹிகோவில உங்கட நட்டுவனார் மாதிரியே குமு ஒரு பக்கத்தில இருந்து ரெண்டு சுரைக்குடுவையை ஒண்டுக்கு மேல ஒண்டு ஒட்டின இபுவை நிலத்தில குத்தி, கையால தட்டி, பாட்டை ஓதுவா. சில ஆட்டத்துக்கு தென்னங்குத்தியைக் குடைஞ்சு சுறாத்தோல் போத்த பாஹு எண்ட முரசு. எங்கட கஞ்சிராவுக்கு உடும்புத்தோல் எண்டது மாதிரி அவையளுக்குச் சுறா.

முதல் நாள் நான் சப்பாத்தைக் கழட்டிப்போட்டு நேரா உள்ள போகப் பாத்தன், மற்றப் பிள்ளையள் பிடிச்சு நிப்பாட்டிப்போட்டினம். வாசல்ல நிண்டு எல்லாரும் சேந்து ஒரு ஓதல் ஓதி உள்ள வர அனுமதி கேக்கவேணும், உள்ள இருந்து குமு பதில் ஓதினால்தான் கால் வைக்கலாம். பதில் வராட்டி திரும்பவும் ஓதுறது. எங்கட ஓதல் சரியில்லை எண்டு ஒருக்கா மழைக்க இருவது நிமிசம் நிண்டனாங்கள்.

அடுத்தது சொல்லு. அங்க சொல்லுத்தான் முதல், கை அதுக்குப் பின்னால வாறது. பாட்டு இல்லாமல் ஹுலா எண்டதே இல்லை. அந்தப் பாஷையில ஒவ்வொரு ஊர் மழைக்கும் காத்துக்கும் தனித்தனிப் பேர் இருக்கு, மானோவா மழைக்கு துவாஹினே எண்டு பேர், அந்தப் பேர் பாட்டில வந்தால் வெறும் மழையெண்டு கை காட்டினால் காணாது. எங்களை வெளிய கூட்டிக்கொண்டு போய் அந்தத் தூறலுக்க நிப்பாட்டி, முகத்தில படுறது எப்பிடி இருக்கு எண்டு கேட்டுப்போட்டுத்தான் விரலைச் சொல்லித் தந்தவா. பாட்டுக்குள்ள மறைஞ்ச பொருள் வேற இருக்கும், அதுக்கு கஓனா எண்டு சொல்லுவினம். மழை எண்டு பாடியிருக்கும், ஆனா உள்ளுக்க ஒரு ஆள் இன்னொரு ஆளைத் தேடி வாறதா இருக்கும். இது உங்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை, அபிநயம் பிடிச்சுப் பதம் ஆடுற ஆக்களுக்குத் தெரியும்.

இனி நீங்கள் கேட்டதுக்கு வாறன். அந்த அம்மா இருந்து ஆடினது ஹுலா நோஹோ, இருந்தாடுற ஹுலா, அது பழைய முறையிலயே இருக்கிற தனி வகை. ஏலாமப் போனதால இருத்தி விட்டது எண்டு நினைச்சிடாதேங்கோ, இளம் பிள்ளையளும் அதைப் படிக்கவேணும். கூழாங்கல்லு இலிஇலி, எரிமலைக் கல்லு, தண்ணியில தேஞ்சு வழுவழு எண்டு இருக்கும். அதோட முந்திய காலத்திலயே ஆட்டக்காரரை ரெண்டு வகையாப் பிரிச்சிருக்கினம்: துள்ளி ஆடுற இளம் ஆக்கள் ஒலாப்பா, உறுதியா இருந்து ஓதி வாத்தியம் அடிக்கிற மூத்த ஆக்கள் ஹோஓபாஆ. ரெண்டும் சேந்தால்தான் ஹுலா. இதை வாசிச்ச நேரம் நான் யோசிச்சன், வயசு போகேக்க அங்க ஒருத்தரும் மேடையை விட்டு இறங்குறேல்ல, மேடையிலயே மற்றப் பக்கத்துக்குத் தள்ளி இருக்கினம், அவ்வளவுதான்.

முழங்கால் நோகாதோ எண்டு கேட்டனியள். நோகும் டீச்சர். கஹிகோவில ஐஹாஆ எண்டு முழங்காலை நல்லா மடிச்சுத் தாழ நிண்டு ஆடுற முறை இருக்கு, உங்கட அரைமண்டிக்குக் குறைவில்லை. எங்கட குமுவுக்கே ஒரு முழங்காலில ஒப்பரேசன் செய்திருந்தது.


வலிகாமம்பிசியோ:

அக்கா, சுருக்கமா ஒண்டு. முழங்காலை மடக்கி அதுக்கு மேல இருக்கிறதும் தேஞ்ச சில்லுக்கு நல்லதில்லை. அந்த அம்மா மாதிரி இருக்க வெளிக்கிடாதேங்கோ, உயரமான மணை இல்லாட்டி கதிரை போடுங்கோ. தொடைத் தசையைப் பலப்படுத்துற பயிற்சி இருக்கு, உங்கட டொக்டரிட்டக் கேட்டு ஆஸ்பத்திரியில படிச்சுக்கொண்டு செய்யுங்கோ, இரவலா வீடியோ பாத்துச் செய்ய வேண்டாம்.


சலங்கைமணி:

ரெண்டு பேருக்கும் நன்றி. மழை தம்பியோ தங்கச்சியோ தெரியேல்ல, நீங்கள் எழுதினதை மூண்டு தரம் வாசிச்சன். அந்த வாசல் ஓதலைப் பற்றி என்ர பிள்ளையளுக்கும் வாசிச்சுக் காட்டினனான். வாழ்நாள் முழுக்க இதுக்கெண்டே இருந்த ஆக்களைப் பற்றித் தெரிஞ்சால் சொல்லுங்கோ.


மானோவாமழை:

தங்கச்சிதான் டீச்சர்.

இயோலானி லுவாஹினே எண்டு ஒருத்தர். 1915ல ஹவாய்ப் பெரிய தீவில நாப்போஓபோஓ எண்ட சின்ன ஊரில பிறந்தவா. அம்மம்மா முறையில ஒரு சொந்தக்கார அம்மா, கேயாஹி லுவாஹினே எண்டு பேர், அவதான் சின்னனிலயே தத்தெடுத்து வளத்தவா. அந்த அம்மா அரசர் காலத்து ஆட்டத்தை நேராப் பாத்துப் படிச்ச தலைமுறை. பிள்ளை போன பள்ளிக்கூடத்தில பழைய ஹுலாவுக்கு இடமில்லை எண்ட உடனை பள்ளிக்கூடத்தையே மாத்தினவா, ஆட்டத்தை மாத்தேல்ல. யோசிச்சுப் பாருங்கோ, 1920களில ஹவாயில இங்கிலீசு படிச்சு முன்னேறுறதுதான் எல்லாத் தாய் தேப்பன்ரயும் ஆசை, அந்த நேரம் ஒரு வயசுபோன மனுசி இந்தப் பிள்ளை எதைச் சுமக்கவேணும் எண்டு முடிவெடுத்திருக்கு.

இயோலானி எண்டால் வானத்துப் பருந்து. அவ ஆடின பழைய படச்சுருள் இருக்கு, நான் பாத்திருக்கிறன், சின்ன உருவம், முடி விரிச்சபடி, கண் எங்கயோ நிக்கும். அவ ஆடேக்க ஆடுறது அவவே இல்லை எண்டு பாத்த ஆக்கள் சொல்லுறதை எங்கட குமுவும் சொல்லுவா, அதைச் சொல்லேக்க அவவின்ர குரல் தாழ்ந்து போகும். பழைய கோயில் ஆட்டங்களைத் தெரிஞ்ச கடைசித் தலைமுறையில ஒருத்தரா இருந்து, அதைத் தன்ர மருமகளுக்கும் மற்ற ஆக்களுக்கும் குடுத்திட்டு, 1978ல காலமானவா. 63 வயசு. 1970களிலயும் ஆடினவா.

இன்னொருத்தர் எடித் கனகாஓலே, அதே தீவில ஹீலோ பக்கம், 1913ல பிறந்து 1979ல காலமானவா. தாயிட்டப் படிச்சு மகள்மாருக்குக் குடுத்தவா. 2023ல அமெரிக்க அரசு 25 சதக் காசில அவவின்ர முகத்தைப் போட்டது. ஒரு ஆட்ட ஆசிரியையின்ர முகம் சில்லறைக் காசில, கடைக்கடையாப் போய் வருது.


வட்டுக்கோட்டையான்:

சலங்கைமணி அக்கா, நான் ஆட்டம் தெரிஞ்சவன் இல்லை, பழைய சரித்திரம் வாசிக்கிறவன். ஆனா நீங்கள் ஹுலாவைப் பாத்து அழுதது எனக்குப் புதினமாத் தெரியேல்ல, ஏனெண்டால் அவையும் நாங்களும் ஒரே வீட்டு ஆக்களிட்ட அகப்பட்ட சனம்.

பொஸ்டனில இருந்த அமெரிக்க மிசன் சபை அனுப்பின ஆக்கள்தான் 1816ல யாழ்ப்பாணத்துக்கு வந்து சேந்தவை. அதே சபை அனுப்பின ஆக்கள்தான் 1820ல கப்பலில ஹவாய்க்கும் போய்ச் சேந்தவை. இஞ்ச தெல்லிப்பழை, வட்டுக்கோட்டை, உடுவில்; அங்க ஹொனலுலு. இஞ்ச 1823ல வட்டுக்கோட்டையில செமினறி, 1824ல உடுவிலில பொம்பிளைப் பிள்ளையளுக்குப் பள்ளிக்கூடம். ஹவாயில பாஷைக்கு எழுத்து முறை ஒண்டை அமைச்சுக் குடுத்ததும் அவையள்தான், ஹுலாவைப் பாவம் எண்டதும் அவையள்தான். கிறிஸ்தவத்துக்கு மாறின அரசி காஅஹுமானு 1830ல பொது இடத்தில ஹுலா ஆடக் கூடாது எண்டு தடை போட்டவா. பிறகு 1859ல காசுக்கு ஆடுறதுக்கு லைசன்ஸ் வேணும் எண்டு சட்டம். ஆனா நாட்டுப்புறத்தில ஆடிக்கொண்டுதான் இருந்திருக்கினம், மறைவில, வீட்டுக்குள்ள, பேத்திக்கு.

பிறகு கலாகாவுவா அரசர் 1883ல தன்ர முடிசூட்டுக் கொண்டாட்டத்தில வெளிப்படையா ஹுலா ஆட வைச்சார். அந்த ஹுலாப் பாட்டுகளின்ர பட்டியலை அச்சடிச்ச ஆக்களை ஆபாசம் எண்டு கோட்டுக்கு இழுத்தவை. மனுசன் விடேல்ல, 1886ல தன்ர 50வது பிறந்தநாளுக்கும் ஆட வைச்சார். இப்ப ஒவ்வொரு வருசமும் ஈஸ்டருக்கு அடுத்த கிழமை ஹீலோவில நடக்கிற பெரிய ஹுலாப் போட்டி, மேரி மோனார்க் விழா, அவரின்ர பட்டப் பேரில நடக்கிறது. போட்டி 1971ல தொடங்கினது. 1893ல அரசாட்சியைக் கவிழ்த்து, 1896ல பள்ளிக்கூடங்களில இங்கிலீசு மட்டும் எண்டு சட்டம் வந்த பிறகு பாஷையே சாகிற நிலைக்குப் போய், 1978ல திரும்ப அரச பாஷையாகி, 1984ல சின்னப் பிள்ளையளுக்கு அந்தப் பாஷையிலயே பாலர் பள்ளி தொடங்கி மெல்ல எழும்பினவை. ஆட்டப் பாட்டிலதான் பாஷை தங்கி நிண்டிருக்கு, அதாலதான் அந்தத் தங்கச்சி சொன்ன மாதிரி அவையளுக்குச் சொல்லு முதல்.

எங்கட பக்கம் மட்டும் என்ன. கோயில் திருவிழாவுக்குச் சின்னமேளம் எண்ட ஆட்டக்காரியளின்ர குழு வந்து ஆடினதை நாவலரே எதிர்த்தவர். தமிழ்நாட்டில 1947ல சட்டம் போட்டு கோயில் ஆட்டத்தை நிப்பாட்டினவை. அதே ஆட்டத்தை வேற ஆக்கள் பரதநாட்டியம் எண்ட பேரில மேடைக்குக் கொண்டு வந்து, அதுதான் இப்ப உங்கட விறாந்தையில நிக்குது அக்கா. மிசன் செய்த நன்மையையும் நான் மறைக்கேல்ல, வட்டுக்கோட்டையில படிச்ச சி.வை. தாமோதரம்பிள்ளை ஏடு தேடிப் பதிப்பிக்காட்டி எங்களிட்ட எத்தினை நூல் இருந்திருக்கும். ஆனா ஏட்டைக் காப்பாத்த ஒரு ஆள் வந்தார், ஆட்டத்தைக் காப்பாத்துறதுக்கு உடம்பு வேணுமே, அதைத்தான் நான் அடிக்கடி நினைக்கிறனான்.


நாட்டியபூமி (சுன்னாகம்):

தங்கச்சி, நானும் நடன ஆசிரியைதான், உங்களை விட மூத்தவள். குறை நினையாதேங்கோ. எங்கட ஆட்டத்துக்கு அரைமண்டிதான் அத்திவாரம். அது இல்லாமல் மேடையில இருந்து கையை மட்டும் காட்டினால் பாக்கிற பிள்ளையள் ஆட்டம் எண்டால் இவ்வளவுதான் எண்டு நினைச்சுப்போடுவினம். நான் 50 வயசில சலங்கையைக் கழட்டி சாமி அறையில வைச்சனான், பிறகு ஆடேல்ல. அப்பிடி நிப்பாட்டுறதும் கலைக்குச் செய்யிற மரியாதை எண்டுதான் நான் நம்புறன். ஹுலாவுக்கு அவையளின்ர முறை, எங்களுக்கு எங்கட முறை.


மானோவாமழை:

டீச்சர் நீங்கள் சொல்லுறது விளங்குது, அரைமண்டியைப் பற்றி வாதாட எனக்குத் தகுதியும் இல்லை. ஆனா எங்கட முறையிலயும் இருந்து ஆடுறது இருந்திருக்கு எல்லே. சதிர் எண்ட பழைய பரதம் ஆடின ஆக்கள் இருந்தபடி பதத்துக்கு அபிநயம் பிடிச்சவை, ஒரே வரியைத் திருப்பித் திருப்பிப் பாட ஒவ்வொரு தரமும் வேற வேற கருத்துக் காட்டினவை. பாலசரஸ்வதி அம்மா 1918ல பிறந்தவா, இயோலானியை விட மூண்டு வயசு இளமை, ரெண்டு பேரும் ஒரே காலத்து ஆக்கள். அவவுக்கும் வீட்டுப் பெண்கள் வழியாத்தான் கலை வந்தது, அம்மம்மா வீணை தனம்மாள், தாய் ஜெயம்மாள் பாட இவ ஆடினவா. கடைசிக் காலத்தில அவ பிடிச்ச அபிநயத்தைப் பற்றித்தான் இண்டைக்கும் கதைக்கினம், காலைப் பற்றியில்லை.


அண்ணாவிபேரன் (அளவெட்டி):

அக்கா, எங்கட அப்பப்பா கூத்துப் பழக்கிற அண்ணாவியார். நான் மத்தளம் மட்டும் அடிப்பன். அந்த ஒலாப்பா ஹோஓபாஆ கதையை வாசிச்ச உடனை எங்கட கூத்துக் களரி, அந்த மேடைதான் கண்ணில வந்தது. கூத்தில ஆடினவர் வயசு போக பிற்பாட்டுக்கு வருவார், பிறகு சல்லரித் தாளம் பிடிப்பார், அண்ணாவியார் களரிக்குள்ளயே நிண்டு பாட்டு எடுத்துக் குடுப்பார். அப்பப்பா கடைசி வருசம் கதிரையில இருத்தித்தான் கொண்டு வந்தனாங்கள், ராசா வரவுக்கு ஆடின பெடியன் தாளம் பிந்தேக்க கதிரையில இருந்தபடி ஒரு காலைத் தட்டினார், பெடியன் அதைப் பாத்து உடனை பிடிச்சிட்டான். அந்த ஒரு தட்டு இல்லாட்டி அண்டைக்குக் கூத்துக் குழம்பியிருக்கும்.

சுன்னாகம் அக்கா, நீங்களும் சலங்கையைக் கழட்டினது சரி, ஆனா உங்களுக்குத் தெரிஞ்ச பதங்கள் எத்தினை பேருக்குத் தெரியும்? அதை மட்டும் கேக்கிறன்.


நாட்டியபூமி:

தம்பி நல்லாக் கேட்டனீர். யோசிக்கிறன்.


சலங்கைமணி:

ஒரு கிழமை எழுதேல்ல, மன்னிக்கவேணும். வெள்ளிக்கிழமை வகுப்பில ஒண்டு செய்து பாத்தனான், அதைச் சொல்லத்தான் வந்தனான்.

பிசியோ தம்பி சொன்ன மாதிரி மணை போட்டு இருந்தன். என்ர மூத்த மாணவியை நிண்டு ஆட விட்டன், அவவுக்கு 19 வயசு, அரைமண்டி கல்லு மாதிரி நிக்கும். தட்டுக்கழி என்ர கையில. ஜதி முடிஞ்ச பிறகு அவவை இருக்கச் சொல்லிப்போட்டு, நான் இருந்தபடி ஒரு தமிழ்ப் பதத்துக்கு அபிநயம் பிடிச்சன், வராத ஆளுக்காக ஒருத்தி இரவு முழுக்க முழிச்சிருக்கிற பதம். முப்பது வருசத்துக்கு முந்தி இதை மேடையில ஆடினனான், அப்ப எனக்கு எல்லாக் கவனமும் காலிலயும் தாளத்திலயும்தான் இருந்தது. இப்ப கால் ஒண்டும் செய்யாமல் கிடக்க, அந்தச் சொல்லு ஒவ்வொண்டும் தனித்தனியா எனக்குக் கேட்டுது. வாசல் எண்ட சொல்லுக்கு நான் இத்தனை வருசமும் ஒரே கையைத்தான் பிடிச்சிருக்கிறன் எண்டு அண்டைக்குத்தான் தெரிஞ்சுது. எந்த வாசல், ஆரின்ர வாசல், 95ல பூட்டிப்போட்டு வந்த எங்கட வீட்டு வாசல் வரைக்கும் போட்டன். பாட்டுப் பாடின பிள்ளை இடையில நிப்பாட்டிப்போட்டுது, நான் கண்ணால பாடு எண்டு காட்டினன்.

முடிய ஒருத்தரும் கதைக்கேல்ல. பேந்து எட்டு வயசுப் பிள்ளை ஒண்டு, போன தையில தான் வந்து சேந்தது, என்னட்டக் கேக்குது, டீச்சர் அந்த அக்கா ஏன் கதவைத் திறந்து வைச்சிருக்கிறா, கள்ளர் வரமாட்டினமோ எண்டு. நான் கதவு எண்டு ஒண்டும் சொல்லேல்ல, பாட்டிலயும் கதவு இல்லை. பிள்ளை அதைக் கையில பாத்திருக்கு.

வகுப்பை விடேல்ல. செவ்வாய் அடவு, அதை மூத்த மாணவி எடுப்பா, நான் பக்கத்தில தட்டுக்கழியோட இருப்பன். வெள்ளி பதம் மட்டும், முதல் அரை மணித்தியாலம் ஆட்டமே இல்லை, சொல்லுக்குக் கருத்துச் சொல்லுறது. உள்ள வர முதல் வாசல்ல நிண்டு ஒரு தேவாரம் பாடவேணும் எண்டும் சொல்லியிருக்கிறன், அது மழைத் தங்கச்சியின்ர குமுவிட்ட இருந்து எடுத்தது. அந்த அம்மாவுக்கு எழுதுவியள் எண்டால் கோண்டாவிலில ஒருத்தி நன்றி சொன்னவா எண்டு சொல்லுங்கோ.

சுன்னாகம் அக்கா, உங்கட போன் நம்பரைத் தனிய அனுப்புவியளோ? எனக்கு விட்டுப்போன ரெண்டு பதம் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும் எண்டு நினைக்கிறன், வந்து கேட்டு எழுதவேணும்.


நாட்டியபூமி:

அனுப்பிப்போட்டன். ஞாயிறு பின்னேரம் வாங்கோ. பதம் நாலு இருக்கு.


அண்ணாவிபேரன்:

அக்கா வெள்ளி நான் மத்தளத்தோட வரட்டோ, எத்தினை மணிக்கு?


சலங்கைமணி:

நாலரைக்கு வாங்கோ தம்பி. வாசல்ல நிண்டு பாடிப்போட்டு வரவேணும், சொல்லிப்போட்டன்.